ஓருடலும் பல பிணியும்

தமிழில் ‘வாதம்’ என்னும் சொல் சுமக்கும் சுமை பெரிது. வழக்குமன்றத்தில் வழக்கறிஞர் எடுத்து வைப்பதும் வாதம். வளி, பித்தம், ஐயம் என்று நம் முன்னோர் வகுத்த மூன்றனுள் முதலாவதும் வாதம். நோய்ப் பெயர்களுக்குள் நுழைந்தாலோ குழப்பம் இன்னும் மிகுதி. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ உடலின் ஒருபுறம் செயலிழப்பது பக்கவாதம். முகத்து நரம்பு தளர்ந்து வாய் கோணுவது முகவாதம். பிள்ளைகளின் கால்களைச் சூம்பச் செய்து, 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்தியாவை விட்டு நீங்கியதாகச் சான்று அளிக்கப்பட்ட நோய் இளம்பிள்ளைவாதம். இவை மூன்றும் நரம்பு மண்டலத்தைச் சார்ந்தவை. இவற்றோடு எவ்வகை உறவும் இல்லாத மூட்டு நோய்களையும் அதே சொல்லால் குறிக்கிறோம். முதுமையில் முழங்கால் தேய்ந்து வலித்தாலும் வாதம். முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் விரல்கள் வீங்கி மடங்க மறுத்தாலும் வாதம். பெயர் ஒன்றாய் இருப்பதால் மருந்தும் ஒன்றாய்த்தான் இருக்கும் என்று எண்ணி, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கேட்ட தைலத்தை வாங்கித் தடவிக்கொண்டு ஓராண்டை வீணாக்குவோர் பலர். அந்த ஓராண்டு எத்துணை விலையுயர்ந்தது என்பதை அறிந்துகொள்ள, அந்தப் பெண்ணுக்கு வந்த முடக்குவாதம் இன்னதென்று முதலில் அறிதல் வேண்டும்.

மூட்டு என்பது இரண்டு எலும்புகள் கூடுமிடம். எலும்பு முனைகளைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருந்து, உராய்வு நேராதபடி வழுவழுப்பான நீரைச் சுரக்கும். முதுமையில் வரும் தேய்மானத்தில் கெடுவது பெரும்பாலும் குருத்தெலும்பு. முடக்குவாதத்தில் முதலில் தாக்கப்படுவது அந்தச் சவ்வு. தாக்குவது கிருமியும் அன்று, காற்றும் அன்று; நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே. தன் உடற்பகுதி எது, அயலானது எது என்னும் வேறுபாட்டை மறந்த அவ்வாற்றல் சொந்தச் சவ்வின்மீதே போர் தொடுக்கிறது. சவ்வு தடித்து வீங்கிப் படர்ந்து, அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்துவிடுகிறது. ஒருமுறை அரிக்கப்பட்ட எலும்பு பழைய வடிவுக்குத் திரும்புவதில்லை. நோயின் தொடக்கத்திலேயே, வீக்கம் கண்ட சில மாதங்களுக்குள்ளாகவே மருந்து தொடங்க வேண்டும் என்று வல்லுநர் வற்புறுத்துவது இதனால்தான்.

இரண்டையும் பிரித்தறிய எளிய அடையாளங்கள் உள. தேய்மான வலி உழைத்தால் கூடும், ஓய்ந்தால் குறையும். முடக்குவாத வலியோ ஓய்ந்திருந்த பின்னரே உச்சமடையும். விடியற்காலையில் கைவிரல்கள் கட்டைபோல் இறுகி, ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சென்றே இளகும். வலக்கை மணிக்கட்டு வீங்கினால் இடக்கை மணிக்கட்டும் வீங்கும். விரல்களின் அடிமூட்டும் நடுமூட்டும் தாக்கப்படும். நகத்தை ஒட்டிய கடைமூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. இரத்தத்தில் காணப்படும் முடக்குவாதக் காரணி நோயைக் கண்டறிய உதவும். ஆயின் நோயாளர் நால்வர் ஐவரில் ஒருவருக்கு அது இராது. நோயே இல்லாத முதியோர் சிலருக்கு அது இருக்கும். ஆய்வுக்கூடத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தாமே முடிவு கட்டுவது தவறு.

இந்நோய்க்கு இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1859ஆம் ஆண்டு இட்டவர் ஆல்ஃபிரட் காரட் என்னும் ஆங்கில மருத்துவர். அதன் பின் நெடுங்காலம் வலியைத் தணிப்பதன்றி வேறு வழி பெரிதாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், நோயால் நடக்கவியலாது கிடந்த இளம்பெண் ஒருவருக்கு ஃபிலிப் ஹெஞ்ச் என்பார் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைச் செலுத்தினார். சில நாள்களில் அப்பெண் எழுந்து நடந்தார். உலகம் வியந்தது, 1950இல் ஹெஞ்சுக்கும் அவரோடு மற்றிருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அம்மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது அதன் மறுபக்கம் வெளிப்பட்டது. அதைப் பின்னர்க் காண்போம்.

ஹெஞ்ச் அந்த ஊசியைப் போட்டதற்கு ஒரு மாதம் முன்னர், ஆகஸ்டு 8ஆம் நாள், நியூயார்க்கில் உறக்கத்திலேயே உயிர்நீத்தார் நம் நாட்டு அறிஞர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அறுவை வகுப்புக்குக் கதராடை அணிந்து சென்றதால் ஆங்கிலப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, உயரிய பட்டம் மறுக்கப்பட்டு அதனினும் கீழான சான்றிதழே பெற்றார் என்பது அவர் வரலாற்றில் காணும் செய்தி. பின்னர் அமெரிக்கா சென்ற அவர் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் உருவான மருந்துகளுள் ஒன்று மெதோட்ரெக்ஸேட். புற்றுநோய்க்கென உருவான அம்மருந்து, மிகச் சிறிய அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் எனப் பிற்கால ஆய்வுகள் நிறுவின. 1988இல் அமெரிக்க அரசு இப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் வழங்கியது. இன்றும் இந்நோய்க்கு உலகெங்கும் முதலில் எழுதப்படும் மருந்து அதுவே. சென்னையில் படித்த ஒருவரின் உழைப்பு இத்தனை கோடி விரல்களை நிமிர்த்தியிருக்க, அவர் பெயரை நம் மாணவர் பத்துப் பேரில் ஒருவரும் அறியார் என்பது வருத்தமே.

இதுவரை கூறியது தனியொரு நோயின் கதை. முடக்குவாதமோ தனித்து வாழ விரும்பாத நோய். என் தமக்கையாரை, எங்கள் வீட்டு வழக்கப்படி ராத்தா என்போம். அவரோடு பதினான்கு ஆண்டுகளாக மருத்துவமனைத் தாழ்வாரங்களில் காத்திருந்து அறிந்ததைக் கொண்டே இப்பகுதியை எழுதுகிறேன். அவருக்கு முடக்குவாதம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, தைராய்டு சுரப்புக் குறைவு ஆகிய நான்கும் உள. நான்குக்கும் நான்கு மருத்துவர். நால்வரும் நல்லவர், தத்தம் துறையில் வல்லவர். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்ப்பது அரிது. உடலுக்குள் நோய்கள் ஓயாது உரையாடிக்கொண்டிருக்க, உடலுக்கு வெளியே மருத்துவச் சீட்டுகள் ஒன்றோடொன்று பேசாதிருக்கின்றன.

உடன்வரும் நோய்கள் மூவகையின. முதல்வகை, முடக்குவாதமே ஈன்றெடுப்பவை. மூட்டில் எரியும் அழற்சி இரத்தத்தின் வழியே உடலெங்கும் பரவுவதால் இரத்தக்குழாய்கள் விரைவில் கெடுகின்றன. மாரடைப்பு நேரும் வாய்ப்பு மற்றவரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. எலும்பு மெலிதல், இரத்தசோகை, நுரையீரல் தடிப்பு, கண்ணும் வாயும் வறண்டுபோதல் ஆகியனவும் இவ்வகை. இரண்டாம் வகை, பிறிதொரு காரணத்தால் வந்து ஒரே வீட்டில் குடியிருப்பவை. நீரிழிவும் கொதிப்பும் பெரும்பாலும் அத்தகையன. தைராய்டுக் குறைவு இரண்டுக்கும் இடைப்பட்டது. அதுவும் பலருக்கு உடல் தன்னைத்தானே தாக்குவதால் வருவதே. மூன்றாம் வகையே நாம் மிகவும் கருதத் தக்கது: ஒரு நோய்க்கு உண்ணும் மருந்து மற்றொரு நோயை வளர்ப்பது.

ஸ்டீராய்டையே எடுத்துக்கொள்வோம். மூட்டு வீக்கம் பொறுக்கவியலாத அளவுக்கு ஏறுங்கால் மருத்துவர் அதைச் சில வாரங்களுக்குத் தருவார், தரவேண்டியதுதான். அது வீக்கத்தை வடியச் செய்யும். கூடவே இரத்தச் சர்க்கரையை ஏற்றும், கொதிப்பைக் கூட்டும், எலும்பை மெலிவிக்கும், கண்புரையை விரைவாக்கும். காலையில் உண்ணும் ஸ்டீராய்டு பிற்பகலிலும் மாலையிலுமே சர்க்கரையை மிகுதியாக ஏற்றுகிறது. வெறும் வயிற்றில் காலையில் மட்டும் பரிசோதிப்பவர் கணக்குச் சரியாயிருப்பதாக எண்ணி ஏமாறுவார். இரத்தசோகை இருந்தாலோ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையும் பிழைபடலாம். இவற்றையெல்லாம் கேட்டு அஞ்சி, ஸ்டீராய்டைத் தாமே திடீரென நிறுத்துவது பேரிடர். நீண்ட நாள் உண்டவரின் உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டிருக்கும். மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும்.

வலிமாத்திரையின் கதையும் இத்தகையதே. கொதிப்புக்கான சில மருந்துகளோடும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையோடும் வலிமாத்திரை சேருங்கால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. ராத்தாவுக்கு ஒருமுறை பல்வலிக்காக ஒரு மருத்துவர் பத்து நாளுக்கு வலிமாத்திரை எழுதினார். வேறென்ன மருந்துகள் உண்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எட்டாம் நாள் கால்கள் வீங்கின. கிரியாட்டினின் அளவு ஏறியிருந்தது. நல்வாய்ப்பாக, மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் அது இறங்கியது. இறங்காதிருந்தால் மெதோட்ரெக்ஸேட்டும் இடர் விளைத்திருக்கும். அது சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டிய மருந்து.

எல்லா உறவும் பகையாய் முடிவதில்லை. மலேரியாவுக்கென வந்து முடக்குவாதத்துக்கும் உதவும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு குறைக்கிறது. 2014இல் இந்தியாவில் நீரிழிவுக்குத் துணைமருந்தாகவும் ஒப்புதல் பெற்றது. 2020இல் கொரோனாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் ஊரார் அதை வாங்கிக் குவித்தபோது, அதை நம்பி வாழ்ந்த மூட்டு நோயாளர்கள் கடை கடையாய் அலைந்தனர். கொரோனாவுக்கு அது பயன் தரவில்லை என்று பின்னர் ஆய்வுகள் காட்டின. இம்மருந்தை ஆண்டுக் கணக்கில் உண்போர் கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டி வருதல் வேண்டும். நீரிழிவுக்காரர் எப்படியும் காட்ட வேண்டியவரே.

நாள்தோறும் நேரும் சிக்கல்கள் சிறியனபோல் தோன்றும். தைராய்டு மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். கால்சியமும் இரும்புச்சத்தும் அதற்கு நான்கு மணி நேரம் தள்ளியே உண்ண வேண்டும், இன்றேல் அவை அதை உட்கவராமல் தடுத்துவிடும். நீரிழிவு மருத்துவர் நாள்தோறும் நடக்கச் சொல்வார். பாதத்து மூட்டுகள் வீங்கியவர் எங்ஙனம் நடப்பார்? வீக்கம் மிகுந்த நாளில் மூட்டுக்கு ஓய்வும், தணிந்த நாளில் இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சியும் செய்வதே வழி. நீரிழிவால் பாதம் மரத்துப்போயிருக்க, முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தால் செருப்பு உரசிய புண்கூடத் தெரியாது. குனிந்து உள்ளங்காலைப் பார்க்கவும் முடியாது. தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். இன்சுலின் ஊசியை அழுத்தும் வலிமை கட்டைவிரலுக்கு இல்லையென்பதை எந்த மருந்துச் சீட்டும் சொல்வதில்லை. வீட்டார்தாம் கவனிக்க வேண்டும்.

ஆகவே இத்தகைய நோயாளர் வைத்திருக்க வேண்டிய முதற்பொருள் ஒரு குறிப்பேடு. எல்லா மருந்தின் பெயரும், அளவும், வேளையும், எதற்கென்பதும், ஒவ்வாதவை எவையென்பதும் ஒரே பக்கத்தில் இருத்தல் வேண்டும். சித்த மருந்து, யூனானி லேகியம், கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை உட்பட. எந்த மருத்துவரிடம் சென்றாலும், பல் மருத்துவரேயாயினும், முதலில் அதை நீட்ட வேண்டும். நால்வரில் ஒருவரை, அல்லது நம்பத்தக்க குடும்ப மருத்துவரை, முழுவதையும் ஒருசேரப் பார்க்குமாறு வேண்டிக்கொள்வது நலம்.

அந்த ஏட்டில் சிவப்பு மையால் எழுதத் தக்கது ஒன்றுண்டு: மெதோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே. நாள்தோறும் உண்ணும் பத்து மாத்திரைகளுக்கிடையே இதையும் நாள்தோறும் உண்டுவிட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மச்சை செயலிழந்து உயிருக்கே இறுதி நேரலாம்; உலகெங்கும் அவ்வாறு நேர்ந்துள்ளது. இன்ன கிழமை என்று ஒரு நாளைக் குறித்து, கண் தெளிவாயுள்ள ஒருவர் கையால் எடுத்துக் கொடுப்பது நன்று. ஃபோலிக் அமில மாத்திரையும் உடன் தரப்படும். இரத்த அணுக்களையும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் இடையிடையே பரிசோதிக்க வேண்டும். கருவுற விரும்பும் பெண்கள் பல மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி இதை நிறுத்தியாக வேண்டும். புதிதாக மணமான பெண்ணுக்கு இந்நோய் இருப்பதை மாமியார் வீட்டில் மறைத்து வைக்கும் வழக்கம் இவ்வகையிலும் கேடு விளைக்கிறது. இன்னொன்று: பெயரில்லாப் பொட்டலத்தில் தரப்படும் ‘மூட்டுப் பொடி’ மூன்றே நாளில் வலியைப் போக்கினால் மகிழ்ச்சியைவிட ஐயமே எழவேண்டும். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் வெளிப்பட்டுள்ளது.

மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிபுரிபவர் என்னும் நான்கு உறுப்புகளை உடையது என்று வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் நிறைவில் வகுத்தார். வகுப்பில் இக்குறளை நடத்தும்போதெல்லாம் மாணவர் நான்காம் உறுப்பை விரைந்து கடந்துவிடுவதைக் காண்கிறேன். இந்நோயில் அந்த நான்காமவர்க்கே வேலை மிகுதி. முடக்குவாதக்காரரின் துன்பம் பாதிக்குமேல் கண்ணுக்குத் தெரியாதது. காலையில் தேநீர்க் குவளையைத் தூக்கமுடியாதவர் மாலையில் சோறு வடிப்பதைக் காண்பவர், காலையில் அவர் சோம்பியிருந்தார் என்றே முடிவு செய்கிறார். நோயின் களைப்பு உழைத்தபின் வரும் களைப்பன்று; உறங்கி எழுந்தாலும் நீங்காதது. மனச்சோர்வும் இந்நோயாளரிடையே மிகுதி. ‘அவளுக்குச் சொகுசு’ என்று ஒரு மூத்தவர் சொல்லும் சொல், அந்த வீட்டில் ஒரு பெண் மருந்தை ஒளித்து உண்ணும் நிலைக்குக் கொண்டுபோகும். துணி பிழிதல், தேங்காய் துருவுதல், புட்டி மூடியைத் திருகுதல், இறுகிய தாழ்ப்பாளை நீக்குதல் ஆகிய நான்கையும் பிறர் ஏற்றுக்கொண்டாலே பாதிச் சுமை இறங்கும். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குவதற்கும், கழிப்பறையில் உயர்ந்த இருக்கை வைப்பதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.

மார்க்கக் கடமைகளில் நம் வீட்டுப் பெரியவர்கள் தமக்குத் தாமே கடுமை காட்டுவது கண்கூடு. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று, மூலநோயால் வருந்திய தோழர் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. இத்தனைத் தெளிவான சலுகை இருக்கையில், மஸ்ஜிதில் நாற்காலியில் அமர்ந்து தொழுபவரை ஏன் இளக்காரமாய்ப் பார்க்க வேண்டும்? சுபுஹு வேளையில் குளிர்ந்த நீர் இறுகிய விரல்களை மேலும் வருத்தும். உளூவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பதும் ஒரு பணிவிடைதான். குனிந்து காலைக் கழுவ இயலாதவர்க்குத் தோல் காலுறைமீது மஸஹு செய்யும் சலுகை உண்டு. உள்ளூரில் இருப்பவர்க்கு அது ஒரு பகலும் ஓர் இரவும். விவரங்களை ஆலிம்களிடம் கேட்டறியலாம்.

நோன்பு இன்னும் கவனத்துக்குரியது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதைத் திருக்குர்ஆன் ‘அல்பகரா’ அத்தியாயத்திலேயே கூறுகிறது. குணமான பின் நோற்கலாம், குணமாகும் நம்பிக்கை இல்லாதவர் ஃபித்யா கொடுக்கலாம். முடக்குவாதம் மட்டும் இருந்து அது அடங்கியும் இருந்தால் பலர் நோற்க இயலும். வாரமாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். நீரிழிவும் ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. ரமலானுக்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைக் கண்டு, எதை ஸஹரில் உண்பது, எதை நோன்பு திறந்தபின் உண்பது, தைராய்டு மாத்திரையை எப்போது உண்பது என்று எழுதி வாங்க வேண்டும். பகலில் இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலும் 300க்கு மேல் ஏறினாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது நீரிழிவு வல்லுநர் கூறும் எல்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பரிசோதிப்பதால் நோன்பு முறியாது என்றே மார்க்க அறிஞர் பெரும்பாலோர் கூறுவர். இதை அறியாது பரிசோதனையையே மாதம் முழுதும் நிறுத்திவிடுவோர் உளர்.

தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. இயன்முறை மருத்துவமும் அதன் பணிகளுள் ஒன்று. கைவிரல் மடங்காத ஒருவர் வரிசையில் நின்று மருந்து வாங்கும் துன்பத்தை இத்தகைய ஏற்பாடு குறைக்கும்.

மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு செய்தி. மூட்டழற்சி பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் வரும். அவர்கள் வளர்ந்து நம் வகுப்புகளில் அமர்கின்றனர். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத இயலாத மாற்றுத்திறனாளி மாணவர், எழுதுவதற்கு உடல்வழித் தடை உண்டென்று அரசு மருத்துவமனையின் உரிய அலுவலரிடம் சான்று பெற்றால், எழுத்தர் ஒருவரை அமர்த்திக்கொள்ளவும் மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் பெறவும் நடுவண் அரசு 2018இல் வெளியிட்ட நெறிமுறை இடமளித்தது. 40 விழுக்காட்டுக்குக் குறைந்த குறைபாடுடையோர்க்கும் 2022இல் தனி நெறிமுறை வந்தது. விண்ணப்பமும் சான்றும் தேர்வுக்கு முதல்நாள் கொண்டுவந்தால் அலுவலகத்தாரால் ஒன்றும் செய்யவியலாது. பருவத் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் தெரிவித்துவிடுதல் வேண்டும்.